வெளிச்சம்: உண்டு / இல்லை

அக்டோபர் 6, திங்கள்

வேலையில் முதல் நாள். தூத்துக்குடி, புறவழிச்சாலையை ஒட்டிய காலிக் கண்டெய்னர் யார்டு. மூன்று மாதம் பயிற்சிக் காலம். பதவியின் பெயர் சர்வே உதவியாளர்.

தத்துவத்தில் எம்.ஏ. படித்துவிட்டு, ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே எதற்கு என்று மேலாளர் கோமதிநாயகம் சார் கேட்டார். கேட்பார் என்று தெரியும். பதில் தயாராக வைத்திருந்தேன்.

"பெட்டிகளப் பத்தித் தெரிஞ்சிக்கணும் சார்."

அவர் சிரிக்கவில்லை. சுவரில் கண் பரிசோதனை அட்டை தொங்கியது. ஜன்னலோரம் நிற்கவைத்துப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரை படித்தேன். அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தேன்.

"போதும்மா, போதும்" என்றார்.

அறுநூறு பெட்டிகள் இருக்கலாம். நீலம், செங்கல் நிறம், துருவின் பல வகைகள். ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து. இடையிடையே தெருக்கள். இந்த யார்டில் மனிதர்கள் திடீர் திடீரென்று பக்கத்தில் முளைக்கிறார்கள். நடந்து வருவதைப் பார்க்கவே முடிவதில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

இருபதடிப் பெட்டி இருபது அடி இல்லை. நாடா பிடித்து இரண்டு தடவை அளந்தேன். ஒன்றரை அங்குலம் குறைகிறது.

வெல்டர் லிகோரி பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பெட்டிகளின் ஓட்டைகளை அடைப்பது அவர் வேலை.

"குறையத்தான் செய்யும். நாப்பதடிப் பெட்டி ஒண்ணு இருக்க எடத்துல இருவதடி ரெண்டு உக்காரணும்லா? ரெண்டுக்கும் நடுவுல மூணு அங்குலம் விட்டாத்தான் ஒண்ண ஒண்ணு உரசாது. நாப்பது மட்டும் சரியா நாப்பது."

"அப்ப ரெண்டும் சேந்து இருக்கணும்னா ரெண்டும் கொஞ்சம் குறையணும்."

"கல்யாணம் பண்ணிப் பாருங்க, ஒன்றர அங்குலமா ஒன்றர அடியான்னு தெரியும்."

என்னைப் புரொபசரம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மேடத்தை விட அது பரவாயில்லை.

அக்டோபர் 9, வியாழன்

உலகத்தில் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் இதே அகலம், எட்டடி. இதே நான்கு மூலை இரும்புகள், அவற்றில் இதே நீள்வட்ட ஓட்டைகள். கப்பலும் ரயிலும் லாரியும் கிரேனும் இந்த நான்கு மூலைகளை மட்டுமே பிடித்துக்கொள்கின்றன. மேலே எத்தனை பெட்டி அடுக்கினாலும் கனம் மூலைத்தூண்கள் வழியாகத்தான் இறங்குகிறது. நடுச்சுவர் எதையும் தாங்குவதில்லை. மடிப்பு மடிப்பாக வளைத்த தகடு, இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆணி பட்டால் ஓட்டை.

ஆகவே லைட் டெஸ்ட்.

ஏற்றுமதியாளருக்குப் பெட்டியைக் கொடுக்கும் முன் ஒருவர் உள்ளே போக வேண்டும். வெளியே இருப்பவர் கதவைச் சாத்துவார். உள்ளே இருப்பவர் இருட்டில் நின்று சுற்றிலும் பார்ப்பார். எங்காவது புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. வெளிச்சம் வரும் வழியில் தண்ணீரும் வரும். பதிவேட்டில் கடைசிக் கட்டம் அதற்குத்தான். "வெளிச்சம்: உண்டு / இல்லை." இல்லை என்றால் நல்ல பெட்டி.

வெளிச்சம் இல்லை என்பது பாராட்டாக இருக்கும் இடத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

இன்று லிகோரியும் நானும் சேர்ந்து போனோம். வாட்ச்மேன் வெளியிலிருந்து இடது கதவைச் சாத்தினார், அதன் மேல் வலது கதவை. ரப்பர் அழுந்தும் சத்தம். பிறகு வெளியுலகச் சத்தமே இல்லை. மரத்தரையிலிருந்து பழைய மிளகாய் வாசனை.

"அந்தா பாருங்க மேல. ஏழு நட்சத்திரம்."

நான் ஒன்றைப் பார்த்தேன். நேர் எதிரே.

"ஏழா?"

"எண்ணித்தான் பாருங்களேன்."

எண்ணுகிற அளவு நேரம் நின்றேன். "ஆமா, ஏழு" என்றேன்.

வெல்டர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. ஓட்டை இருந்தால்தானே அவர்களுக்கு வேலை.

அக்டோபர் 13, திங்கள்

பெட்டி எண்ணைப் பற்றி. முதலில் நான்கு எழுத்து. பிறகு ஆறு இலக்கம். பிறகு கட்டம் கட்டி ஏழாவதாக ஓர் இலக்கம். இந்த ஏழாவது எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. "அது கூடவே வரும்" என்றார் வாட்ச்மேன்.

கோமதிநாயகம் சாரின் மேசையில் ஒரு பழைய கையேடு கிடைத்தது. மதிய உணவு நேரம் முழுக்கப் படித்தேன். எழுத்துக்கு ஓர் எண்: ஏ என்றால் பத்து, பி என்றால் பன்னிரண்டு. பதினொன்றும் அதன் மடங்குகளும் விலக்கு. முதல் இடத்தை ஒன்றால் பெருக்கு, அடுத்ததை இரண்டால், நான்கால், எட்டால், பதினாறால். எல்லாவற்றையும் கூட்டு. பதினொன்றால் வகு. மீதிதான் அந்த ஏழாவது இலக்கம்.

யாராவது ஒரு எண்ணைத் தப்பாக எழுதினால் மீதி ஒத்துவராது. பெட்டி தன் பொய்யைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

மாலைக்குள் பன்னிரண்டு பெட்டிக்குக் கணக்குப் போட்டேன். எல்லாம் சரி. காரணமில்லாத மகிழ்ச்சி.

ஐந்து பத்து பஸ்ஸில் விடுதிக்குத் திரும்பினேன். எப்போதும் ஐந்து பத்து பஸ்தான். அதற்குப் பிறகு வருவதில் கூட்டம்.

அக்டோபர் 14, செவ்வாய்

பெட்டிகளைத் தூக்கும் ரீச் ஸ்டாக்கர் வண்டி ஒரு வீட்டளவு இருக்கும். அது இடப்பக்கத்திலிருந்து சத்தமே இல்லாமல் வந்துவிட்டது. டிரைவர் இறங்கி வந்து கத்தினார்.

"ஏம்மா, ஹாரன் அடிச்சிக்கிட்டே வாரேன், கண்ண எங்க வச்சிக்கிட்டு நடக்க?"

"பெட்டி நம்பரப் பாத்துக்கிட்டிருந்தேன்."

உண்மைதான். நம்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பர் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

அக்டோபர் 16, வியாழன்

இன்று முதல் தனியாக லைட் டெஸ்ட். லிகோரி வெளியே கதவைப் பிடித்துக்கொள்கிறார். நான் உள்ளே நூறு எண்ணிவிட்டு இரண்டு தட்டு தட்டுவேன். திறப்பார்.

அந்த இருட்டு எனக்குப் பிடித்திருக்கிறது. விளிம்பு இல்லாத இருட்டு. உள்ளே நுழைந்ததும் நான் எங்கே முடிகிறேன், பெட்டி எங்கே தொடங்குகிறது என்று தெரிவதில்லை. இப்படி ஒரு அத்தியாயத்தைத்தான் ஆய்வேட்டில் எழுத வேண்டும் என்றிருந்தேன். நூலகத்தின் கீழ்த்தளத்தில் விளக்கு சரியில்லை. விட்டுவிட்டேன்.

மூன்று பெட்டி. மூன்றிலும் வெளிச்சம்: இல்லை.

"மூணுமேவா?" என்றார் லிகோரி.

"மூணும் நல்ல பெட்டி."

"நாளு நல்ல நாளுதான்."

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பார்த்தேன், அந்த மூன்றில் ஒன்றுக்குள் லிகோரி மறுபடி நுழைந்துகொண்டிருந்தார். எதையோ மறந்து வைத்துவிட்டார் போல.

அக்டோபர் 17, வெள்ளி

கணுக்காலில் வீக்கம். டீக்கடை பெஞ்சை இடம் மாற்றிவிட்டார்கள்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

தென்காசி. வீடு. அதிரசம், எண்ணெய் வாசனை, அம்மாவின் கேள்விகள்.

மாலையில் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் மத்தாப்பு கொளுத்தினார்கள். சுற்றி எதுவும் இல்லாமல் நடுவில் மட்டும் பூ. அழகாக இருந்தது.

சுந்தரவேல் மாமா முன்னறையில் நாற்காலியில். அம்மாவின் தம்பி. தபால் ஆபீசில் இருந்தார், நாற்பதில் விட்டுவிட்டார். தட்டை நான் நீட்டுவதற்கு முன் என் கால் சத்தத்தை வைத்துக் கையை நீட்டினார். விரல்களால் தட்டின் விளிம்பைச் சுற்றி வந்து அதிரசத்தைக் கண்டுபிடித்தார்.

"ஏட்டி உலகு, சாயங்காலம் படியெறங்கையில எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு மாமா."

"எனக்கு இருவத்தாறுல தொடங்கிச்சி. மொதல்ல பக்கவாட்டுல வார ஆளு தெரியல. நான் ஊர்ல எல்லாரும் பூனமாதி நடக்கானுவன்னு நெனச்சேன்."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

"மதுரைக்குப் போயி ஒரு தடவ கண்ணக் காட்டிட்டு வந்துரு. காட்டுனா ஒண்ணும் கொறஞ்சிராது."

"போன மாசமே காட்டியாச்சி மாமா. ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

எனக்கு இருபத்தாறு முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

அக்டோபர் 22, புதன்

லிகோரி விடுப்பு. மனைவிக்குப் பிரசவம், மணப்பாட்டில். வாட்ச்மேன்தான் கதவு சாத்துகிறார். நூறு வரை எண்ண விடுவதில்லை, ஐம்பதிலேயே திறந்துவிடுகிறார். "உள்ள மூச்சு முட்டுமேன்னு பாத்தேன்."

நான்கு பெட்டி. வெளிச்சம்: இல்லை, இல்லை, இல்லை, இல்லை.

கடைசி நான்கு இலக்கம் 4417 கொண்ட பெட்டி நாளை மறுநாள் சரக்கேற்றப் போகிறது. இருபதடி. பள்ளிக்கூட நோட்டுகள்.

அக்டோபர் 23, வியாழன்

ஏழு பெட்டி. ஏழும் இல்லை. கோமதிநாயகம் சார் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "ஒங் கைராசியா என்னம்மா, ரிப்பேர் செலவே இல்ல" என்றார். பெருமையாக இருந்தது என்று எழுத வேண்டும். எழுதுகிறேன்.

அக்டோபர் 24, வெள்ளி

சிவகாசியிலிருந்து இரண்டு லாரி. பக்கத்துக் கிடங்கில் வைத்து 4417-இல் ஏற்றினார்கள். போகுமிடம் மொம்பாசா. அங்கே ஜனவரியில் பள்ளி திறக்கிறது.

நாற்பதடிப் பெட்டியில் இரண்டு மடங்கு நோட்டு போகுமே, ஏன் இருபது என்று ஏற்றும் மேஸ்திரியிடம் கேட்டேன்.

"அதாம்மா எல்லாரும் கேக்கது. நாப்பதடில எடம் ரெண்டு மடங்கு, ஆனா தூக்குற கனம் ரெண்டு மடங்கு கெடையாது. பேப்பரு பாறாங்கல்லு மாதிரி. பாதி ரொப்பும்போதே கனம் முடிஞ்சிரும், மீதி காத்துதான் போவும். கனத்துக்கு இருவது, பஞ்சுக்கு நாப்பது."

உள்ளே அட்டைப்பெட்டிகள் கூரையைத் தொடவில்லை. கதவின் மேல்சட்டம் உள்கூரையைவிட நான்கு அங்குலம் தாழ்வு. உள்ளே இடம் இருந்தாலும் வாசல் அனுமதிக்கும் உயரம்தான் ஒரே தூக்காக நுழைய முடியும். இதையும் குறித்துக்கொண்டேன்.

ஒரு அட்டைப்பெட்டி கிழிந்து நோட்டுகள் சிதறின. மேஸ்திரி ஒன்றை என்னிடம் கொடுத்தார். இப்போது எழுதிக்கொண்டிருப்பது அதில்தான். அட்டையில் ஒட்டகச்சிவிங்கி. உள்பக்கம் வாய்ப்பாடு. முதல் பக்கத்தில் மூன்று கோடு: ஜீனா, ஷூலே, டராசா. அந்த ஊர் மொழியில் பெயர், பள்ளி, வகுப்பு என்றுதான் இருக்க வேண்டும். இதுபோல லட்சத்துக்கு மேல். லட்சம் பிள்ளைகள் முதல் கோட்டில் தங்கள் பெயரை எழுதுவார்கள்.

வலது கதவில் சீல் போட்டார்கள். வலது கதவு திறக்காமல் இடது திறக்காது. ஆகவே ஒரு சீல் போதும்.

பெட்டி துறைமுகத்துக்குப் போயிற்று. கப்பல் நவம்பர் ஆறு.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. லிகோரி வந்துவிட்டார். பெண் குழந்தை. எல்லோருக்கும் லட்டு.

"பேரு என்ன?"

"இன்னும் வைக்கல. நீங்க ஒரு பேரு சொல்லுங்க, தத்துவமா இல்லாம."

லட்டு தின்று முடித்ததும் கேட்டார்.

"நான் இல்லாதப்ப எத்தன பெட்டி பாத்திய?"

"பதினொண்ணு."

"எத்தனைல ஓட்ட?"

"ஒண்ணுலகூட இல்ல."

கையிலிருந்த சர்க்கரையைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"பதினொண்ணுல ஒண்ணுகூட இல்லையா?"

"எழுதியிருக்கு, பாத்துக்கோங்க."

"புரொபசரம்மா, ஒரு விசயம் சொல்லுதேன், கோவப்படாதிய. பதினாறாந் தேதி மூணு பெட்டி பாத்தியள்ல. அதுல ரெண்டுல ஓட்ட. மறுபடி போயிப் பாத்து நானே அடச்சேன். மறுநாளு, எனக்கே சந்தேகம் தீரணும்னு, தெரிஞ்சே ஓட்ட உள்ள பெட்டி ஒண்ண ஒங்களுக்குக் குடுத்தேன். வெளிய சாக்பீசால வட்டம் போட்டுருந்தேன். நீங்க இல்லன்னு எழுதுனிய. அத அடைக்காம ரிப்பேர் வரிசைல அப்பிடியே வச்சிருக்கேன். யாருட்டயும் சொல்லல."

நான் எழுந்து வந்துவிட்டேன்.

லிகோரி பொய் சொல்கிறான்.

அக்டோபர் 29, புதன்

மழை.

அக்டோபர் 30, வியாழன்

மழை. கையேட்டில் படித்தது: கடலில் பெட்டிக்குள்ளேயே மழை பெய்யும். பகலில் சூடான காற்று இரவில் கூரைத் தகட்டில் குளிர்ந்து சொட்டும். ஓட்டையே இல்லாத பெட்டியிலும் இது நடக்கலாம்.

ஓட்டையே இல்லாத பெட்டியிலும். இதை மூன்று முறை படித்தேன்.

அக்டோபர் 31, வெள்ளி

மழை. மாமாவைக் கூப்பிட்டேன். வேறு எதற்கோ கூப்பிடுவது போல.

"மாமா, தபால் ஆபீசுல எப்பத் தெரிஞ்சிது ஒங்களுக்கு?"

"எனக்கு எங்க தெரிஞ்சிது? அடுத்தவனுக்குத்தான் தெரிஞ்சிது. செங்கோட்டைக் கட்டுல போடவேண்டிய கடுதாசிய எல்லாம் பக்கத்துக் கட்டுல போட்டுருக்கேன். ஒரு பொம்பளைக்கி ஆசுபத்திரிச் சேதி. பதினஞ்சி நாள் கழிச்சிப் போயிச் சேந்துச்சி."

"அப்புறம்?"

"அப்புறம் என்னத்த. அந்தம்மா வந்து கவுண்டர்ல நின்னுச்சி. ஏசல. சும்மா நின்னுச்சி." அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. "நீ மதுரைக்குப் போவலேல்லா?"

"போவல மாமா."

நவம்பர் 1, சனி

வெயில்.

காலையில் லிகோரியிடம் போனேன்.

"அண்ணே, அந்தப் பெட்டி எது?"

கூட்டிக்கொண்டு போனார். நீலப் பெட்டி. இடது சுவரில், என் தோள் உயரத்தில், சாக்பீஸ் வட்டம். நடுவில் உளுந்து அளவு ஓட்டை. வெளியிலிருந்து நன்றாகத் தெரிந்தது. விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எத்தனையாவது மடிப்பு என்று எண்ணவில்லை. எண்ணினால் ஏமாற்று.

உள்ளே போனேன். கதவைச் சாத்தினார். இருட்டு.

தகட்டுக்கு அப்பால் லிகோரியின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. "தெரியுதா?"

"இல்ல."

"இப்ப வெரல வச்சி மூடிருக்கேன். இப்ப எடுக்கேன். தெரியுதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லண்ணே."

பிறகு உரசும் ஒலி. வெல்டிங் கம்பியை ஓட்டைக்குள் விட்டு ஆட்டுகிறார். சத்தம் வந்த பக்கம் கைகளை நீட்டிக்கொண்டு நடந்தேன். மாமா நடப்பது போல. தகடு கையில் பட்டது. மடிப்பு, பள்ளம், மடிப்பு. கம்பியின் முனை உள்ளங்கையில் குத்தியது.

கம்பியை இழுத்துக்கொண்டார். என் கையில் வெயில் விழுந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

நூறு எண்ணவில்லை. எத்தனை தட்டு தட்டினேன் என்றும் தெரியவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

வரிசைப்படுத்தி எழுதிப் பார்க்கிறேன். நேராகப் பார்த்தால் எல்லாம் தெரிகிறது. கடைசி வரிக்குக் கீழுள்ள அச்சகத்தின் பெயர் வரை. பக்கவாட்டில் தெரிவதில்லை. இருட்டில் தெரிவதில்லை. ஐந்து பத்து பஸ்ஸைவிட, இருட்டியபின் வரும் அடுத்த பஸ்ஸில் கூட்டம் குறைவு. டீக்கடை பெஞ்சு அதே இடத்தில்தான் இருந்தது. ரீச் ஸ்டாக்கர் ஹாரன் அடித்தது, கேட்டது. பக்கத்தில் என்று தெரியவில்லை. நூலகத்தின் கீழ்த்தள விளக்குகள் மற்றவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன.

பெட்டிக்கு ஏழாவது இலக்கம் இருக்கிறது. எனக்கு இல்லை. அதனால் இவ்வளவு நாளாயிற்று.

பதினொன்றில் எத்தனை இன்னும் யார்டில் இருக்கின்றன என்று தெரியாது. 4417 துறைமுகத்தில். கப்பலுக்கு நான்கு நாள். நான்கு நாள் மழையில் நனைந்த பெட்டி.

சொன்னால் வேலை போகும். அம்மாவுக்குத் தெரியும். மாமா பேசாமல் இருப்பார். சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காமலும் போகலாம். ஓட்டை இல்லாமலே இருக்கலாம். பெட்டிக்குள் மழை பெய்வது இயற்கை என்று கையேடே சொல்கிறது.

ஒட்டகச்சிவிங்கி அட்டையைத் திருப்பி முதல் பக்கத்தைப் பார்த்தேன். ஜீனா. கோடு காலியாக இருக்கிறது.

நவம்பர் 3, திங்கள்

எட்டு மணிக்கே போய்விட்டேன். பதிவேட்டை எடுத்தேன். பதினொரு வரிகளிலும், "இல்லை" என்பதற்கு எதிரே, குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:

"சோதித்தவருக்கு இருட்டில் கண் தெரியாது. மறுசோதனை தேவை. உலகம்மை."

பதினொரு முறை. ஐந்தாவது முறையிலிருந்து கையெழுத்து சீராகிவிட்டது.

கோமதிநாயகம் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழற்றினார். மறுபடி போட்டார்.

"இது என்னம்மா? எழுத்தாளரா நீ? பதிவேட்டுல என்ன எழுதி வச்சிருக்க?"

சொன்னேன், மாமாவைப் பற்றியும்.

"அட்டைல கடசி வரி படிச்சியே! அச்சாபீஸ் பேரெல்லாம் படிச்சியே!"

"அது வெளிச்சத்துல சார்."

"கண்ணு தெரியாத பிள்ளைய எவன் சர்வேக்கு எடுத்தான்னு கேப்பான். எடுத்தது யாரு? நான். ஜன்னலோரம் நிக்க வச்சிப் படிக்கச் சொன்ன மடையன் யாரு? அதுவும் நான்." மேசையில் இருந்த டீயைக் குடிக்காமல் தள்ளி வைத்தார். "லிகோரி! எலே லிகோரி! ஒனக்குத் தெரியுமால இது?"

லிகோரி வாசலில் நின்றார். "தெரியும் சார்."

"தெரிஞ்சி என்னல செஞ்ச?"

"அடச்சேன் சார். நான் இருந்த வரைக்கும் அடச்சேன்."

சார் என்னைப் பார்த்தார். திட்டுவதற்கு வாய் திறந்தார். அதற்குப் பதிலாகப் போனை எடுத்தார். பதினொன்றில் ஆறு யார்டிலேயே இருக்கின்றன. நான்கு பெட்டிகள் ஆலைகளுக்குப் போயிருக்கின்றன, இன்னும் ஏற்றவில்லை. ஒன்று மட்டும் நிறைந்து, பூட்டி, துறைமுகத்தில். சிவகாசிக்காரருக்கு அவரே பேசினார். அந்தப் பக்கம் ஏசியது மேசைக்கு இப்பால் எனக்கே கேட்டது. "தப்பு எங்க பேர்ல" என்று நான்கு முறை சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

யார்டில் இருந்த ஆறில் இரண்டில் ஓட்டை. லிகோரி விரலைக் காட்டினார், ரெண்டு.

நவம்பர் 5, புதன்

4417 திரும்பி வந்தது. டிரெய்லரிலிருந்து இறக்கினார்கள். சீலை வெட்டினார்கள். வலது கதவு, பிறகு இடது.

நான் தள்ளி நின்றேன். முன்வரிசை அட்டைப்பெட்டிகள் உலர்ந்திருந்தன. இரண்டாவது வரிசையும். மேஸ்திரி என்னைப் பார்த்து, "ஒண்ணுமில்லியேம்மா. வேலையத்த வேல பாக்க வச்சிட்டியே" என்றார். அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என்னை ஏசட்டும், நோட்டு நனையாமல் இருக்கட்டும்.

பாதி இறக்கிய பின் வாசனை வந்தது. நனைந்த காகித வாசனை. எனக்குத்தான் முதலில் வந்தது. "வலது பக்கம், உள்ள" என்றேன். யாரும் நம்பவில்லை. இறக்கிக்கொண்டே உள்ளே போனார்கள். வலது மூலை, கூரையின் கீழ், ஐந்து அட்டைப்பெட்டிகள் கறுத்து, ஊறி உப்பிக் கிடந்தன. மேலே கூரை மடிப்பில் எப்போதோ கிரேன் பட்டுக் கிழிந்து துருவேறிய நகமளவு வாய்.

ஐந்து. மழை நான்கு நாள். கடலில் இருபது நாள் போயிருந்தால் எத்தனை என்று நான் கணக்குப் போடவில்லை. மேஸ்திரி போட்டுவிட்டார் போல. நனைந்த நோட்டு ஒன்றை எடுத்துப் பிழிந்தார். ஒட்டகச்சிவிங்கியின் மஞ்சள் அவர் கையில் ஒட்டிக்கொண்டது.

"இதத்தான் சொன்னியாம்மா" என்றார்.

வேறு பெட்டியில் மாற்றினார்கள். லிகோரி உள்ளே போய் நின்று பார்த்தபின். அடுத்த கப்பல் பதின்மூன்றாம் தேதி. ஜனவரிக்கு முன் போய்விடும்.

நவம்பர் 6, வியாழன்

சார் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"மதுரைக்கு எப்பப் போற?"

"திங்கக்கிழமை சார். ஆஸ்பத்திரில நாள் கேட்டு வாங்கியாச்சி."

"யாரு கூட?"

"மாமா வாராரு."

"அவருக்குக் கண்ணு…"

"தெரியாது சார். ஆனா ஆஸ்பத்திரில எந்த வாசல்னு அவருக்குத்தான் தெரியும்."

சார் ஜன்னலைப் பார்த்தார். பயிற்சிக் காலம் முடிய இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

"போய்ட்டு வந்து வெளிய நில்லு. நம்பர், தகடு, கதவு, ரப்பர். வெளிச்சத்துல பாக்கதெல்லாம் நீ பாரு. அந்த ஏழாவது நம்பரு என்னமோ மனசுக்குள்ளயே போடுதியாமே, வாட்ச்மேன் சொன்னான். பெட்டிக்குள்ள காலு வைக்கக் கூடாது. வச்சேன்னு தெரிஞ்சா நானே உள்ள வச்சி மொம்பாசாவுக்கு அனுப்பிருவேன்."

நவம்பர் 8, சனி

நல்ல வெயில். சார் மதியம் துறைமுகத்துக்குப் போயிருந்தார்.

"அண்ணே, ஒரே ஒரு பெட்டி."

"சார் மொம்பாசாவுக்கு அனுப்புவாரு."

"அனுப்பட்டும். ஓட்ட உள்ளதாப் பாத்துக் குடுங்க. எங்கன்னு சொல்லாதிய. எவ்வளவு நேரமானாலும் நான் தட்டுற வரைக்கும் தொறக்காதிய."

லிகோரி தலையைச் சொறிந்தார். சிவப்புப் பெட்டியைக் காட்டினார். அவரும் உள்ளே வந்தார், வாட்ச்மேன் கதவைச் சாத்தினார். லிகோரி எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "நான் பேச மாட்டேன். பிள்ளைக்குப் பேரு யோசிச்சிக்கிட்டிருப்பேன்."

இருட்டு. முன்பு இதை விளிம்பில்லாத இருட்டு என்று எழுதியிருக்கிறேன். விளிம்பு இருக்கிறது. என் கண்ணில்தான் இல்லை.

அவசரப்படவில்லை. கண் பழகட்டும் என்று நின்றேன். எனக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் ஆகும், அவ்வளவுதான். எண்ணவில்லை. பிறகு இடது கதவு மூலையில் தொடங்கினேன். சுவரைத் தொட்டபடி, தலையை மெல்லத் திருப்பி. மேலிருந்து கீழ். ஒரு மடிப்பு. அடுத்த மடிப்பு. ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவது போல. படிக்கத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

இடது சுவர் முடிந்தது. முன்சுவர் முடிந்தது. லிகோரியின் கால் தடுக்கியது, மடக்கிக்கொண்டார். வலது சுவர். எட்டாவது மடிப்பா, ஒன்பதாவதா. முட்டிக்குக் கீழே.

ஒரு புள்ளி.

தலையைக் கொஞ்சம் திருப்பினால் போய்விடுகிறது. நேராக வைத்தால் வருகிறது. வெள்ளை கூட இல்லை, கொஞ்சம் ஆரஞ்சு. குந்தி உட்கார்ந்தேன். அது அங்கேயே இருந்தது.

"அண்ணே."

"ம்."

"இங்க ஒண்ணு."

"ஆமா." அவர் எழுந்து வரும் சத்தம். "இன்னும் மூணு இருக்கு."

"எங்கன்னு சொல்லாதிய."

அவர் சொல்லவில்லை. நான் அந்த ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்தேன். எடுத்தேன். வைத்தேன். போனது, வந்தது.

வெளியே வந்ததும் கண் கூசியது. பதிவேட்டில் அந்தப் பெட்டியின் எண்ணை எழுதினேன், ஏழாவது இலக்கத்தோடு. மீதி சரியாக வந்தது. சோதித்தவர்: லிகோரி. ஓட்டை: நான்கு. கடைசிக் கட்டத்தை அவர் என்னிடம் தள்ளினார்.

எழுதினேன்.

வெளிச்சம்: உண்டு.